சலுகை விலையில் மோட்டார் வண்டி

மோட்டார் வண்டி வாங்கப் புறப்படுபவர் இந்நாளில் முதலில் எடுத்துப் பார்ப்பது தமது சட்டைப் பையிலுள்ள அட்டைகளையே. எந்தச் சபையில் தாம் அங்கத்தினர், எந்த உத்தியோகத்தின் பெயரால் விலை குறையும், எந்தக் கம்பெனி யாருக்கு எத்தனை ஆயிரம் தள்ளிக் கொடுக்கிறது என்பன தீர்ந்த பிறகுதான் வண்டியின் நிறமும் மற்றவையும் பேசப்படுகின்றன. 2019 நவம்பரில் விழுப்புரம் ஜில்லாவினின்று பிரிந்து தனி ஜில்லாவாகிய கள்ளக்குறிச்சியிலும் இப்பேச்சுக்குக் குறைவில்லை. கலெக்டர் கச்சேரி வந்தது. அதைத் தொடர்ந்து இலாகாக்கள் வந்தன. இலாகாக்களுடன் உத்தியோகஸ்தர்களும், அவர்களுடன் அவர்களது அட்டைகளும் வந்தன.

இதைக் குற்றமென்று நாம் சொல்ல வரவில்லை. விலை குறையுமானால் வாங்குவோர் மகிழ்வது இயல்பே. ஆனால் இவ்விஷயத்தில் யாரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. அந்தச் சலுகை யாருடைய பணம்? வர்த்தகர் தமது லாபத்தில் விட்டுக்கொடுப்பதா? சர்க்கார் பொது ஜனங்களின் வரியிலிருந்து விட்டுக்கொடுப்பதா? அல்லது அங்கத்தினர் ஒன்றுகூடித் தமது சொந்த பலத்தால் பெற்றுக்கொள்வதா? மூன்றும் ரசீதில் ஒரே மாதிரியாகத்தான் காணப்படும். தன்மையில் மூன்றும் வெவ்வேறு. கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கும் கல்வராயன் மலையையும், அங்கே வண்டியின்றி வாழும் ஜனங்களையும் மனத்திற்கொண்டு இதைச் சிறிது ஆராய்வோம்.

நமது நாட்டிலுள்ள அங்கத்தினர் சலுகைகளுள் மிகப் பெரியது படைவீரர்களுடைய கான்டீன். பாதுகாப்பு மந்திரியின் இலாகாவுக்குட்பட்ட கான்டீன் ஸ்டோர்ஸ் டிபார்ட்மெண்ட் 1948 ஜனவரி 1-ந் தேதி, சுதந்திரம் வந்து ஐந்து மாதங்களுக்குள், ஏற்பட்டது. சோப்பும் பிஸ்கோத்தும் விற்பதுடன் அது மோட்டார் காரும் மோட்டார் சைக்கிளும் வாங்கித் தருகிறது. கார்களை அது தன் கடையில் அடுக்கி வைத்திருக்கவில்லை. வாங்க விரும்பும் வீரர் ஏஜெண்டிடம் சென்று வண்டி கையிருப்பில் உண்டென்று கடிதம் பெறுகிறார். பணத்தை ஏஜெண்டிடம் கொடாமல் இலாகாவுக்குச் செலுத்துகிறார். டிப்போவிலிருந்து உத்தரவு பிறந்த பின் ஏஜெண்டு வண்டியை ஒப்படைக்கிறார். 2021 ஜனவரி முதல் இக்காரியம் இணையத்தின் மூலமாகவே நடந்தேறுகிறது. வேலையிலுள்ளவர்க்கும் ஓய்வு பெற்றவர்க்கும் இவ்வுரிமை உண்டாதலால், பட்டாளத்துக்குப் பிள்ளைகளை அனுப்பிய கிராமம் எதுவாயினும் அங்கே இவ்வழியாக வாங்கிய வண்டி ஒன்றேனும் இருக்கக்கூடும்.

இங்கே விலை குறைவதன் முக்கிய ரகசியம் வரியில் இருக்கிறது. 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபோது, கான்டீன் இலாகா தான் வாங்கும் சரக்குக்குச் செலுத்தும் வரியில் பாதியைத் திரும்பப் பெறலாமென்று விதி செய்யப்பட்டது. வரி நீங்கலாக 5 லட்சம் ரூபாய் விலையுள்ள சிறிய கார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 28 சதவீத வரி இருந்த நாளில் அதன் மீது விழுந்த வரி 1,40,000 ரூபாய். அதிற் பாதி 70,000. இத்தொகையே வீரருடைய ஆதாயத்தின் பெரும்பகுதி. சர்க்காருக்கு வரவேண்டியதைச் சர்க்கார் விட்டுக்கொடுத்தது. அதாவது, ஏனைய ஜனங்கள் கொடுத்தார்கள். தேச எல்லையில் பனியிலும் வெயிலிலும் நின்று திரும்பியவனுக்கு ஜனங்கள் இவ்வளவு கொடுப்பதில் நமக்கு ஆக்ஷேபணை சிறிதும் இல்லை.

நமக்கு ஆக்ஷேபணை வேறிடத்தில். 2019 ஜூனில் இராணுவத்தார் இச்சலுகைக்கு எல்லை கட்டினார்கள். ஆபீசர்கள் எட்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை, வரி நீங்கலாக 12 லட்சம் ரூபாய் வரையுள்ள கார் வாங்கலாமென்று அப்போது விதித்தார்கள். அவர்களுக்குக் கீழ்ப்பட்டவர்கள் உத்தியோக காலத்தில் ஒன்று, ஓய்வு பெறும்போது ஒன்று. விலையோ அந்நாளில் 5 லட்சத்துக்குள் இருக்க வேண்டியிருந்தது. எல்லை கட்டுவது அவசியமாயிருந்திருக்கலாம். ஆனால் பனி ஆபீசரை ஒரு விதமாகவும் சிப்பாயை வேறு விதமாகவும் கடிப்பதில்லை. பொதுப்பணத்திலிருந்து வரும் நன்றிக்கடன், பெரிய சம்பளக்காரருக்குப் பெரிதாகவும் சிறிய சம்பளக்காரருக்குச் சிறிதாகவும் அளக்கப்படுவது நியாயமென்று நமக்குத் தோன்றவில்லை.

வரியை விட்டுக்கொடுக்கும் சலுகை எங்கே போய் முடியுமென்பதற்கு இலங்கை நல்ல திருஷ்டாந்தம். அங்கே பாராளுமன்ற அங்கத்தினருக்கும் உயர்ந்த உத்தியோகஸ்தருக்கும் தீர்வைச் சலுகையுடன் மோட்டார் இறக்குமதி செய்துகொள்ள அனுமதிப் பத்திரங்கள் பல ஆண்டுகள் வழங்கப்பட்டு வந்தன. அத்தீவில் மோட்டார் தீர்வை மிகக் கடுமையானது. ஆகவே வண்டியைவிடப் பத்திரத்துக்கே மதிப்பு ஏறியது. பெற்றவர் சிலர் அதைப் பிறருக்கு விற்றுவிட்டாரென்ற புகார் ஊரறிந்ததாயிற்று. ஜனப்பிரதிநிதி தொகுதியைச் சுற்றிப் பார்க்கக் கொடுத்த சலுகை கடைத்தெருவில் விலைபோகுமாயின், அதைச் சலுகையென்று அழைப்பதற்கே நாக்கூசுகிறது.

நமது நாட்டில் 2025 செப்டம்பர் 22-ந் தேதி ஒரு மாறுதல் நிகழ்ந்தது. சிறிய கார்களின் மீதிருந்த 28 சதவீத வரி 18 ஆகக் குறைந்தது. நாம் மேலே கூறிய 5 லட்சம் ரூபாய் காருக்கு வரி 1,40,000-லிருந்து 90,000 ஆயிற்று. முழு வரி கொடுத்து வாங்குவோர் எவருக்கும் 50,000 ரூபாய் மிச்சம். கான்டீன் வழியாக வாங்குவோரின் தனி ஆதாயமோ 70,000-லிருந்து 45,000 ஆகச் சுருங்கியது. நேயர்கள் இவ்விரு தொகைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுகிறோம். எல்லோருக்கும் பொதுவாக வந்த குறைப்பு, ஒரு வகுப்பாருக்கென்று தனியே வைத்த சலுகையைவிட 5,000 ரூபாய் அதிகம். இதற்கு அங்கத்தினர் அட்டையும் தேவைப்படவில்லை, சிபார்சுக் கடிதமும் தேவைப்படவில்லை.

மாகாண சர்க்கார் இதற்கு முன்பே தம் பங்கை எடுத்துக்கொண்டுவிட்டார்கள் என்பதையும் சொல்லவேண்டும். 10 லட்சத்துக்குட்பட்ட கார்களுக்குத் தமிழ்நாட்டில் 10 சதவீதமாயிருந்த ஆயுள் வரி, 2023 நவம்பரில், 5 லட்சம் வரையுள்ளவற்றுக்கு 12 ஆகவும் அதற்கு மேற்பட்டவற்றுக்கு 13 ஆகவும் உயர்ந்தது. வரி சேர்த்து 5,90,000 ரூபாயாகும் காருக்கு இவ்வுயர்வு மாத்திரம் 17,700 ரூபாய். தள்ளுபடி விளம்பரத்தில் இத்தொகையை யாரும் அச்சிடுவதில்லை.

அடுத்து வர்த்தகருடைய சலுகை. சர்க்கார் உத்தியோகஸ்தர், உபாத்தியாயர், வைத்தியர், பெரிய கம்பெனி ஊழியர் என்று வகுப்பு வகுப்பாக மோட்டார் கம்பெனிகள் தள்ளுபடி கொடுக்கின்றன. சில கம்பெனிகள் வக்கீல்களையும் சேர்த்துக்கொள்வதுண்டு. ஆதலால் நாம் பொறாமையால் எழுதுவதாக யாரும் எண்ண வேண்டாம். அடையாள அட்டையைக் காட்டினால் சில ஆயிரம் குறையும். ஆனால் அதே மேஜையில் இன்ஷூரன்ஸ், மேல்விரிப்பு, கூடுதல் உத்தரவாதம், அலங்காரச் சாமான்கள் என்று கணக்கு நீண்டு, குறைந்த தொகை வேறு பெயரில் திரும்பி வந்து உட்கார்ந்துகொள்வதை அனுபவஸ்தர் அறிவர். சட்டம் தெரிந்தவர் என்ற முறையில் ஒன்று கூறுவோம். இன்ஷூரன்ஸை இன்ன கம்பெனியில்தான் எடுக்கவேண்டுமென்று விற்பவர் வற்புறுத்த முடியாது. வாங்குபவர் விரும்பிய கம்பெனியில் எடுத்துக்கொள்ளலாம். புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் எடுத்தே தீரவேண்டுமென்பது 2018 செப்டம்பர் முதல் உள்ள விதி. அதை எங்கே எடுப்பதென்பது அவரவர் இஷ்டம். வண்டியின் விலை, ஆயுள் வரி, பதிவுக் கட்டணம், இன்ஷூரன்ஸ் ஒவ்வொன்றையும் தனித்தனியே காகிதத்தில் எழுதித் தரச் சொல்லிப் பார்த்தால், தள்ளுபடி எவ்வளவென்பது உடனே வெளிப்படும்.

அமெரிக்கர் இவ்விஷயத்தை வேறு வழியில் நடத்துகிறார்கள். அங்கே காஸ்ட்கோ என்றொரு பெருங்கடை. ஆண்டுச் சந்தா கட்டியவரே அதில் சாமான் வாங்கலாம். 2024 செப்டம்பரில் அச்சந்தா 65 டாலராயிற்று. சந்தா செலுத்துவோர் ஏழு கோடிக்கு மேல். அக்கடை மோட்டார் விற்பதில்லை. ஊர்தோறும் உள்ள ஏஜெண்டுகளுடன் முன்னதாகவே விலை பேசிவைத்து, தன் அங்கத்தினரை அவர்களிடம் அனுப்புகிறது. அங்கத்தினர் பேரம் பேச வேண்டுவதில்லை. பேரம் கோடிக்கணக்கானவர்களின் பேரால் பேசி முடிந்திருக்கிறது. இதிலுள்ள தத்துவம் நல்லது. தனி மனிதனுக்கு இறங்காத விலை கூட்டத்துக்கு இறங்குகிறது. எனினும் அந்த அங்கத்தினர் கடைக்குச் சொந்தக்காரர் அல்லர். சொந்தக்காரர் பங்கு முதலாளிகள்.

அங்கத்தினரே சொந்தக்காரராக இருக்கக்கூடிய முறை ஒன்று உண்டு. அது நமக்குப் புதிதன்று. இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்து நெசவாளிகள் முதலானோர் 1844-ல் ஆரம்பித்த கடையைப் பின்பற்றி, 1904-ல் சென்னைத் திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுக் கடை தோன்றிற்று. கடையில் மிஞ்சும் லாபம் வாங்கியவருக்கே திரும்பும் என்பது இம்முறையின் உயிர். ஐக்கிய சங்கம் என்று முன்னோர் வைத்த பெயரும் பொருத்தமானதே. அச்சங்கத்தில் விலை குறைந்தால், அது யாருடைய தயவும் அன்று.

கள்ளக்குறிச்சிச் சமவெளியில் இம்முறை வேரூன்றியிருக்கிறது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள சர்க்கரை ஆலைகள் இரண்டும் கூட்டுறவு ஆலைகள். கரும்பு பயிரிடுவோரே அவற்றின் அங்கத்தினர். கரும்புப் பண நிலுவையைப் பற்றிய முறையீடுகள் தனிக் கதை. அதை வேறொரு நாள் எழுதுவோம். எப்படியாயினும் கரும்புக்காரனுக்கு ஒரு சங்கத்தில் பெயர் இருக்கிறது. பொதுச்சபையில் எழுந்து நின்று பேச ஓர் இடம் இருக்கிறது.

அந்தக் கச்சிராயபாளையத்தைத் தாண்டினால் கோமுகி அணை. அணைக்கு அப்பால் மலைப்பாதை ஏறினால் கரியாலூரும் வெள்ளிமலையும். இங்கே வாழ்வோர் பெரும்பாலும் மலையாளிகள் என்னும் பழங்குடி மக்கள். பெயர் அதுவாயினும் தமிழ் பேசுபவர்கள். சடைய கவுண்டன், குரும்ப கவுண்டன், அரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகீர்தார்களின் ஆட்சியில் வெட்டி வேலை செய்து வாழ்ந்த இம்மக்கள், தேசம் விடுதலை பெற்று 29 ஆண்டுகள் சென்று, 1976-ல்தான் அந்த ஆட்சியினின்று நீங்கினார்கள். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகுதான் சென்னை ஹைக்கோர்ட்டார் மலைமக்களின் வாழ்க்கை நிலைமையைப் பற்றித் தாமே முன்வந்து விசாரணை எடுத்துக்கொண்டார்கள். மலைச் சாலைகளும் அதில் பேசப்பட்டன.

இங்கே மோட்டார் வண்டி அந்தஸ்துக்கு உரிய பொருளன்று. மலையின் முக்கிய விளைவுகளில் ஒன்று மரவள்ளிக்கிழங்கு. ஜவ்வரிசி ஆலைகளோ கீழே ஆத்தூர் முதலிய வட்டாரங்களில் இருக்கின்றன. மரவள்ளியின் குணம் உழவர் அறிந்ததே. மண்ணிலிருக்கும்வரை பொறுத்திருக்கும், பிடுங்கிவிட்டால் இரண்டு மூன்று நாளில் கெட ஆரம்பிக்கும். அந்த இரண்டு மூன்று நாட்களுக்குள் மலையிறங்கும் வண்டி யாரிடம் இருக்கிறதோ அவர் விலை சொல்கிறார். கிழங்கு வைத்திருப்பவர் கேட்டுக்கொள்கிறார். ஆலை முதலாளிகளுக்குச் சேலத்தில் 1981 முதல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் உண்டு. ஜவ்வரிசி அங்கே ஏலத்தில் விலை பெறுகிறது. கிழங்கு தோண்டியவருக்கு அச்சங்கத்தில் இடமில்லை. கடுக்காயும் புளியும் தேனும் சேகரிப்பவர் கதியும் ஏறக்குறைய இதுவே. பிரசவ வேதனையில் உள்ள பெண்ணும் பாம்பு கடித்த பிள்ளையும் மலையிறங்க நேரும்போது வண்டியின் அருமை எத்தகையதென்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை.

ஆக, ஜில்லாவில் மோட்டார் யாருக்கு மிகவும் அவசியமோ அவரிடம் எந்த அட்டையும் இல்லை. பட்டாள அட்டை இல்லை. உத்தியோக அட்டை இல்லை. கம்பெனி அட்டை இல்லை. இருப்பது ஜாதிச் சான்றிதழ் ஒன்றே. அதுவும் எளிதில் கிடைப்பதன்று. மலையாளி என்ற பெயர் அரசியல் சட்டத்தின் கீழ் வந்த பழங்குடிப் பட்டியலில் சில ஜில்லாக்களுக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது. பழைய தென்னாற்காடு அவற்றில் ஒன்றாகையால் கல்வராயன் மலையார் தப்பினார்கள்; ஈரோட்டு மலைகளிலுள்ள அதே ஜனங்கள் அப்பட்டியலில் ஜில்லாவின் பெயர் இல்லாமையால் நெடுங்காலமாக முறையிட்டு வருகிறார்கள். ஒரே குலம், ஒரே பேச்சு, நடுவில் ஒரு ஜில்லா எல்லை!

அந்தச் சான்றிதழுக்கு உள்ள மதிப்பை மலைமக்கள் முழுதும் உணர்ந்திருக்கிறார்களோ என்பது சந்தேகம். தாட்கோவின் மூலம் ஆதிதிராவிடருக்கும் பழங்குடியினருக்கும் 2023-ல் வகுக்கப்பட்ட முதலமைச்சர் தொழில் திட்டத்தில், மூலதனத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் 3,50,000 ரூபாய் மானியம் உண்டு. கடன் வட்டியிலும் சகாயம் உண்டு. சரக்கு வண்டிகளின் வரியும் 2025 செப்டம்பரில் 28-லிருந்து 18 சதவீதமாகியது. வரி சேர்த்து 5,90,000 ரூபாயாகும் சிறிய சரக்கு வண்டிக்கு 35 சதவீதம் 2,06,500 ரூபாய். ஜில்லாவில் வேறெந்த அட்டைக்கும் இவ்வளவு தள்ளுபடி கிடையாது! ஆனால் மீதித் தொகைக்குப் பாங்கி கடன் கொடுக்க இணங்கினாலன்றி மானியம் கைக்கு வராது. தனியாக மலையிறங்கிப் பாங்கியின் வாசலில் நிற்கும் மலையாளி இளைஞனுக்கு மானேஜர் என்ன பதில் சொல்வாரென்பதை ஊகிக்கலாம்.

இங்கேதான் சங்கம் வரவேண்டும். பாவா கமிட்டியார் 1973-ல் கூறிய யோசனையின் பேரில் நாடெங்கும் மலைவாழ் மக்களுக்கென்று பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள், லேம்ப் சங்கங்கள் என்று வழங்குபவை, ஏற்பட்டன. கல்வராயன் மலையிலும் அத்தகைய சங்கம் உண்டு. பயிர்க்கடன் கொடுப்பதும், வனப்பொருள்களை வாங்கி விற்பதும், ரேஷன் கடை நடத்துவதும் இச்சங்கங்களின் வேலை. அங்கத்தினருக்கு மோட்டார் வாங்கித் தருவதையும் இதனுடன் ஏன் சேர்க்கலாகாது?

சேர்க்கலாமென்று சொன்னவுடனே சர்க்கார் இலாகாவினர் ஓர் உத்தரவு பிறப்பித்து, சங்கத்தின் பெயரில் நான்கு லாரிகளை வாங்கி நிறுத்திவிடுவார்களோ என்று நாம் அஞ்சுகிறோம். அச்சத்துக்குக் காரணம் உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களைப் பல சேவை நிலையங்களாக்கும் திட்டத்தில் வண்டிகளும் இயந்திரங்களும் வாங்கப்பட்டன. தேவையைப் பாராமல் வாங்கச் செய்தார்கள், நஷ்டத்தில் நிற்கின்றன என்று சொல்லி, 2023-ல் சங்கங்களின் ஊழியர்களே அவற்றைத் திருப்பி ஒப்படைக்கும் கிளர்ச்சி நடத்தினார்கள். மேலிருந்து இறங்கும் வண்டிக்கு ஓட்டுபவர் இருப்பார். கவலைப்படுபவர் இருக்க மாட்டார்.

ஆகவே நாம் சொல்வது வேறு. வண்டி அங்கத்தினர் பெயரிலேயே பதிவாகட்டும். மானியமும் கடனும் தனித்தனி நபருக்கு உரியவையாதலால் அதுவே சட்டத்துக்கும் பொருந்தும். சங்கம் செய்ய வேண்டியது பேரம். ஓட்டும் லைசென்ஸும் சான்றிதழும் கையிலுள்ள இருபது இளைஞர்களைக் கிராமம் கிராமமாகச் சேர்த்து, இருபது விண்ணப்பங்களை ஒரே கட்டாகத் தாட்கோவிடமும் பாங்கியிடமும் கொண்டுபோகட்டும். மோட்டார் கம்பெனியின் ஏஜெண்டிடம் இருபது வண்டிக்கு ஒரே விலை கேட்கட்டும். ஒருவருக்கு இறங்காதவர் இருபதுக்கு இறங்குவார். சங்கத்தின் வழியாகக் கிழங்கு விற்பவருடைய கடன் தவணையை விற்பனைத் தொகையிலேயே பிடித்துக்கொள்வதாகச் சங்கம் எழுதிக்கொடுத்தால், பாங்கி மானேஜரின் பதிலும் மாறக்கூடும். இத்தகைய காரியத்துக்கு அங்கத்தினர் தாமே தேர்ந்தெடுத்த நிர்வாக சபை வேண்டும். மாற்றலாகிப் போகும் உத்தியோகஸ்தர் ஒருவரால் இது முடியாது.

பேரத்தில் விலையை மட்டும் பேசினால் போதாது. மலைப்பாதையில் பாரம் ஏற்றி இறங்கும் வண்டிக்குப் பிரேக்கும் டயரும் சமவெளி வண்டியைவிடச் சீக்கிரம் தேயும். ரிப்பேருக்காக ஒவ்வொரு தடவையும் கள்ளக்குறிச்சிக்கு இறங்கினால் ஒரு நாள் கூலியும் எண்ணெயும் வீண். மாதம் ஒரு தரம் கம்பெனி மெக்கானிக் வெள்ளிமலைக்கு ஏறி வந்து இருபது வண்டிகளையும் பார்த்துக்கொடுக்க வேண்டுமென்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டும். வண்டிக்கு இன்னும் ஐயாயிரம் ரூபாய் குறைக்கிறோம், இந்த நிபந்தனையை விட்டுவிடுங்கள் என்று ஏஜெண்டு கேட்டால், சங்கத்தார் அதற்கு இணங்கலாகாது.